டீச்சர் வீட்டு டம்ளர்கள்

எனக்கு மூன்று வீடு தள்ளி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார். பெங்களூருவில் எங்கள் காக்ஸ் டவுனில் பாதிப் பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். மீதிப் பேர் தெருவில் பந்து விளையாடி அவரிடம் திட்டு வாங்கியவர்கள். சென்ற ஆண்டு தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை மணிக்குக் காரைக் கிளப்பி நந்தி மலைக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்குத் திரும்பினேன். டீச்சர் தன் வீட்டு கேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் உள்ளே வா."

சமையலறைக்கு அழைத்துப் போனார். சுவரில் பழைய காலத்து எவர்சில்வர் அடுக்கு. அதில் ஏழு டம்ளர்கள், சில டபராக்கள், இரண்டு சம்படங்கள்.

"நீ வண்டியைக் கிளப்பும்போது இவை எல்லாம் ஒன்றோடு ஒன்று பேசுகின்றன. முதல் நாள் நிலநடுக்கம் என்று நினைத்து வாசலுக்கு ஓடினேன். இரண்டாம் நாள் உன் வண்டி என்று தெரிந்துகொண்டேன். இன்று ஏழு டம்ளரில் எத்தனை ஆடுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஏழும் ஆடுகிறது."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னார். வாயைத் திறக்க முடியவில்லை.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்து வயதான, இரண்டே இருக்கைகள் கொண்ட ஜெர்மன் கார். "காய்கறிப் பையையும் என்னையும் ஒரே நேரத்தில் ஏற்ற முடியாத கார்" என்பது என் மனைவியின் விளக்கம். இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ. மிதித்தால் பாயும். ஆனால் பாய்கிறது என்பது முதுகுக்குத்தான் தெரியும், காதுக்குத் தெரியாது. மூடிய அறைக்குள் யாரோ தையல் இயந்திரம் ஓட்டுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இதில் காரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. டர்போ எஞ்சினின் குணம் அது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் எரிந்த வாயு அறைவது போல வெளியே வருகிறது. அந்த அறைகளின் வரிசைதான் நாம் கேட்கும் எஞ்சின் சத்தம். டர்போ இருந்தால், வாயு வெளியே வரும் வழியில் ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வர வேண்டும். அறைகளின் கூர்மை அங்கேயே பாதி மழுங்கிவிடுகிறது. அடுத்து நச்சு வாயுவை மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். தேன்கூடு போன்ற அதன் நுண்ணிய துளைகள் வழியே சத்தமும் வடிகட்டப்படுகிறது. பிறகு, சில அலைகளை மட்டும் குறிவைத்து அடக்கும் ரெசனேட்டர் என்ற சின்ன டப்பா. கடைசியில் பின் பம்பருக்கு அடியில் பெரிய சைலன்சர். நான்கு வாசல் தாண்டி வெளியே வருவதற்குள் சத்தத்துக்கு மூச்சு முட்டிவிடுகிறது.

சத்தத்தின் மீது எனக்கு இருக்கும் பித்து அப்பாவிடமிருந்து வந்தது. மர்பி டவுனில் நாங்கள் இருந்தபோது அவரிடம் யெஸ்டி மோட்டார் சைக்கிள் இருந்தது. மைசூரு ஐடியல் ஜாவா ஆலையில் பிறந்த வண்டி. அந்த ஆலை 1961-இல் தொடங்கி 1996-இல் மூடப்பட்டது. ஆனால் இன்றைக்கும் பெங்களூருவில் யாராவது ஒரு பெரியவர் அந்த வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு புகைக்குழாய். டூ ஸ்ட்ரோக் எண்ணெய்ப் புகையில் சைலன்சரின் உள்குழாய் கரி படிந்து அடைத்துக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை அப்பா அதைக் கழற்றி, வெந்நீர் அடுப்பில் செருகிச் சுடுவார். கரி எரிந்து உதிரும். கொல்லை முழுவதும் நாற்றம். அம்மா அன்றைக்குத் துணி உலர்த்த மாட்டார்.

ஒருமுறை சித்தப்பா அந்த உள்குழாயை மாட்டாமலேயே வண்டியை எடுத்துப் போனார். தெருவே திரும்பிப் பார்த்தது. பத்தொன்பது வயதில் அதைவிடப் பெரிய பேறு வேறென்ன? திரும்பி வந்ததும் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மேட்டில் இழுத்ததா?" இழுக்கவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் குழாயின் முடிவில் மோதித் திரும்பும் அழுத்த அலைதான், வெளியே நழுவப் பார்க்கும் புதிய பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள் மறுபடி தள்ளிவிடுகிறது. உள்குழாயைப் பிடுங்கினால் அந்த அலையின் கணக்கே மாறிவிடும். சித்தப்பாவுக்கும் இது தெரியாது, அப்பாவுக்கும் இந்த மொழியில் தெரியாது. "சத்தம் கூடினால் சக்தி கூடியது என்று காது பொய் சொல்லும்" என்று மட்டும் சொன்னார்.

அதைக் கேட்டு வளர்ந்த நான்தான் நாற்பத்திரண்டு வயதில் ஜே.சி. ரோட்டில் ஒரு கடை வாசலில் போய் நின்றேன்.

ஜே.சி. ரோடு பெங்களூருவின் உதிரிபாகக் கடல். ஹெட்லைட், பம்பர், ஹாரன், சீட் கவர் என்று கேட்டது கிடைக்கும். கேட்காததையும் மாட்டி அனுப்புவார்கள். கடைப் பையன் போனில் பத்து வீடியோ காட்டினான். எல்லாமே அற்புதமாக இருந்தன. போனில் கேட்டு எக்ஸாஸ்ட் வாங்குவது புகைப்படம் பார்த்துப் பிரியாணி வாங்குவது போலத்தான் என்று அப்போது உறைக்கவில்லை. போனின் மைக் பெரிய சத்தத்தைத் தானாகவே அமுக்கிவிடும். அதன் சின்ன ஒலிபெருக்கியோ அடிநாதத்தை எடுக்கவே எடுக்காது. மிச்சமிருப்பது நடுவில் கொஞ்சம் உறுமல். எந்த வண்டியும் அதில் ஒரே மாதிரிதான் கேட்கும்.

வெளிநாட்டு டைட்டானியம் செட் என்றால் ஐந்து லட்சத்துக்கு மேல் ஆகும் என்றான். என் முகத்தைப் பார்த்து அடுத்த வழியையும் சொன்னான்: பின் சைலன்சரை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நேர்க்குழாய். பன்னிரண்டாயிரம் ரூபாய், மூன்று மணி நேர வேலை. "304 ஸ்டீல் சார், துரு பிடிக்காது" என்றான். மேலும் இரண்டாயிரம் கொடுத்தால் எஞ்சின் கணினியில் மாற்றம் செய்து, காலை எடுக்கும்போதெல்லாம் பட்டாசு வெடிக்கும்படி செய்து தருவானாம். அதை மட்டும் வேண்டாம் என்றேன். தீப்பொறியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, எரியாத பெட்ரோலைக் குழாய்க்குள் எரிய விடும் வித்தை அது. அந்தச் சூட்டை டர்போவும் கன்வெர்ட்டரும்தான் தாங்க வேண்டும். தவிர, மனிதன் வருஷத்துக்கு ஒரு தீபாவளி கொண்டாடினால் போதும்.

அறுத்தெடுத்த பழைய சைலன்சரைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். பதினெட்டுக் கிலோ. "இது எதற்கு?" என்றாள் மனைவி. "தெரியவில்லை" என்றேன். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது.

முதல் இரண்டு நாள் நான் தரையில் இல்லை. மேக்ரி சர்க்கிள் சுரங்கப்பாதையில் கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டாவது கியரில் ஒருமுறை போனேன். அப்படியே சுற்றி வந்து மறுபடியும் போனேன். காரில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த ஆள் நான்தான்.

மூன்றாம் நாள் ஓசூரில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினோம்.

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி, கடைசி கியரில் வேகம் நிலைத்தபோது எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் நின்றது. அங்கே காருக்குள் ஒரு சத்தம் குடியேறியது. அதை உறுமல் என்று சொல்ல முடியாது. இரண்டு காதுகளுக்குள்ளும் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல ஓர் இடைவிடாத ம்ம்ம்ம். வேகம் கூடினால் போய்விடும், குறைந்தாலும் போய்விடும். ஆனால் நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகிறவன் இருக்க வேண்டிய அந்த ஓர் இடத்தில் மட்டும் நிற்கும். மனைவி அத்திப்பள்ளி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். திரும்பும்போது பஸ்ஸில் வருகிறேன் என்றாள். வந்தாள்.

இந்தக் காலகட்டத்தில்தான் டீச்சர் வீட்டு டம்ளர்கள் பேசத் தொடங்கியிருக்கின்றன.

அன்றைக்கு அவர் சமையலறையில் நின்றபடியே தற்காப்புக்காக ஒன்று சொன்னேன். போனில் டெசிபல் அளக்கும் செயலி வைத்திருக்கிறேன், கேட்டில் நின்று அளந்தபோது அப்படி ஒன்றும் பயங்கரமாகக் காட்டவில்லை என்று. டீச்சர் விடவில்லை. "கிளப்பும்போது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று?" என்றார். குளிர்ந்த எஞ்சின், கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காக முதல் ஒரு நிமிடம் வேகமாகவே ஓடும்; 1,300 என்றேன். "ஒரு சுற்றுக்கு எத்தனை வெடிப்பு?" நான்கு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் சுற்றுக்கு இரண்டு. பால் கணக்கு அட்டையின் பின்புறத்தில் எழுதினார்: 1,300-ஐ 60-ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால், நொடிக்கு 43.

"நாற்பத்து மூன்று முறை என் சுவரைத் தட்டுகிறாய். உன் போன் அதைக் கேட்டதா?"

வீட்டுக்குப் போய்ப் படித்தேன். போன் கேட்கவில்லைதான். சத்தம் அளக்கும் கருவிகள் பொதுவாக மனிதக் காதைப் போலவே அடிநாதத்தைக் குறைத்து மதிப்பிடும்படி அமைக்கப்பட்டவை. 50 ஹெர்ட்ஸில் வரும் சத்தத்திலிருந்து ஏறத்தாழ 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். சட்டத்தில் எழுதியிருப்பதும் அந்த எண்தான். ஆனால் தாழ்ந்த அலைவரிசை சுவரைத் தாண்டிப் போகிற அளவுக்கு உயர்ந்தது போகாது. தெருவில் நிற்கும் கருவிக்குக் கேட்காத ஒன்று மூன்று வீடு தள்ளி எவர்சில்வரைப் பிடித்து ஆட்டுகிறது. அன்று முதல் எனக்கு டெசிபல் கருவி அந்த ஏழு டம்ளர்கள்தான்.

சட்டம் என்றதும் அதையும் பார்த்துவைத்தேன், பார்த்திருக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. நான் காலை என்று நினைத்துக்கொண்டிருந்த ஐந்தரை மணி சட்டத்தின் கண்ணில் நடு இரவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி மற்றும் புகைத் தரங்களை மீறி வண்டி ஓட்டுபவருக்கு முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. கூடவே மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமமும் போய்விடும். 52-ஆம் பிரிவு தனி. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இன்னும் இறுக்கமாகவே சொன்னது. பறிமுதல் செய்த சைலன்சர்களைத் தெருவில் வரிசையாகப் படுக்க வைத்து ரோடு ரோலர் ஏற்றும் படங்களைக் கர்நாடகப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கலாம். பைக் பையன்களின் குழாய்கள் என்று ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், அந்த வரிசையில் என்னுடையது எங்கே படுக்கும் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

இதைச் சரிசெய்ய ஆள் தேடியபோது, எவர்சில்வர் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவரை எனக்கு அடையாளம் காட்டியது என் காரியாலயத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டல்காரர். ஓட்டலின் இட்லிக் கொப்பரை, பாத்திரம் கழுவும் தொட்டி, புகைபோக்கி எல்லாம் செய்தவர் இந்த மேஸ்திரி. கலாசிபாளையத்தில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. சொந்த ஊர் வாணியம்பாடி. அறுபது வயது இருக்கும். கார் எக்ஸாஸ்ட் செய்வீர்களா என்று கேட்டதற்கு, "குழாய்தானே? பால் போனால் என்ன, புகை போனால் என்ன?" என்றார்.

ஜே.சி. ரோட்டுக் குழாயைக் குனிந்து பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து காந்தத் துண்டு ஒன்றை எடுத்து வைத்தார். பச்சென்று ஒட்டிக்கொண்டது.

"304 என்று சொன்னார்களா?"

"ஆமாம்."

"304-இல் காந்தம் இப்படி ஒட்டாது தம்பி. டம்ளரில் ஒட்டுகிறதா? இது வேறு."

304 என்பது 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்தது. நம் வீட்டு நல்ல எவர்சில்வர் பாத்திரம் அந்த வகை. கார் ஆலைகள் எக்ஸாஸ்டுக்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் 409-இல் குரோமியம் 11 சதவீதம் போல இருக்கும். நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது, காந்தம் ஒட்டும். 409 மோசமில்லை, அதன் வேலைக்கு அது போதும். 304 விலைக்கு அதை வாங்கியதுதான் வயிற்றெரிச்சல்.

குழாயைத் தட்டிப் பார்த்தார். வளைவில் கையை ஓட்டினார். வளைத்த இடத்தில் உட்புறம் நசுங்கி, வட்டம் முட்டை வடிவாகியிருந்தது. அவர் குழாய்க்குள் மணலை இடித்து நிரப்பி, இரு முனையையும் அடைத்து, சூடாக்கி வளைப்பவர். மணல் உள்ளே இருந்தால் குழாய் நசுங்க வழியில்லை. பெரிய ஆலைகளில் இதற்கு உள்ளே உருளை விடும் இயந்திரங்கள் இருக்கின்றன, கலாசிபாளையத்தில் மணல்தான்.

"பழைய சைலன்சர் எங்கே?" என்றார்.

அதை எதற்கு எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாத அந்தப் பதினெட்டுக் கிலோவுக்கு அப்போதுதான் அர்த்தம் வந்தது. அடுத்த சனிக்கிழமை கொண்டு போனேன். அவர் அதன் மேல் தகட்டை மீன் டப்பாவைத் திறப்பது போல அறுத்துத் திறந்தார். நான் அதுவரை சைலன்சர் என்றால் உள்ளே பஞ்சு அடைத்த டப்பா என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒரு வீடு இருந்தது. மூன்று அறைகள். தடுப்புச் சுவர்கள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் துளையிட்ட குழாய்கள்; முதல் அறைக்கு வந்த வாயு கடைசி அறை வரை போய், திரும்பி நடு அறைக்கு வந்து, பிறகுதான் வெளியேற முடியும். ஓர் அறையில் மட்டும் கண்ணாடி இழைப் பஞ்சு. கீச்சுச் சத்தத்தைப் பஞ்சு விழுங்கும். அடிநாதத்தைப் பஞ்சால் ஒன்றும் செய்ய முடியாது. அதை அலையோடு அலையை மோதவிட்டுத்தான் அணைக்க வேண்டும், அதற்குத்தான் அறைகளின் நீளமும் அகலமும்.

மேஸ்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதைச் செய்தவன் நல்ல வேலைக்காரன். இதை அறுத்தவன் யார்?" என்றார். அறுக்கச் சொன்னவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு என்ன சத்தம் வேண்டும் என்று அவர் கேட்டபோதுதான் நான் மாட்டிக்கொண்டேன். பெரிய சத்தம் வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. நல்ல சத்தம் வேண்டும். நல்ல சத்தம் என்றால்?

இதை நினைக்கும்போது எனக்கு நாதஸ்வரம்தான் வருகிறது. வாயில் வைத்து ஊதும் சீவாளியில் பிறக்கும் நாதத்தை உலவு என்ற நீண்ட உடல் வளர்க்கிறது, அணசு என்ற விரிந்த அடிவாய் வெளியே விடுகிறது. அணசை மாற்றினால் கனம் மாறும், பரவல் மாறும். ஆனால் சீவாளியில் இல்லாத நாதம் அணசில் பிறக்காது. காரில் சீவாளி எஞ்சின்தான், அதிலும் வெடிப்புகளின் வரிசை. சம இடைவெளியில் வெடிக்கும் ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின் பட்டுத்துணி கிழிவது போல ஏறும். அமெரிக்க வி8 எஞ்சின்களில் ஒவ்வொரு பக்க நான்கு சிலிண்டர்களும் தாறுமாறான இடைவெளியில் வெடிப்பதால்தான் அந்தக் குதிரைக் குளம்படி. பழைய சுபாரு கார்களின் தடதடப்புக்குக் காரணம் எஞ்சினிலிருந்து கிளம்பும் குழாய்களின் நீளம் சமமாக இல்லாததே. சமமாக்கிவிட்டால் அந்தக் குரல் போய்விடும். லெக்ஸஸ் எல்எஃப்ஏ காருக்காக டொயோட்டா, யமஹாவின் இசைக்கருவி ஆட்களையும் கூட்டிக்கொண்டு பத்து சிலிண்டர் எஞ்சினின் நாதத்தைச் செதுக்கியது. மொத்தம் செய்ததே 500 கார்கள். இன்னொரு பக்கம், பிஎம்டபிள்யூ எம்5 காரின் டர்போ தலைமுறையில் எஞ்சின் சத்தத்தைக் காருக்குள் ஒலிபெருக்கி வழியாகவே விட்டார்கள். கச்சேரியில் வாயசைக்கும் பாடகர் என்று அதைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். ஓசூர் பயணத்துக்குப் பிறகு அவ்வளவு உறுதியாகத் திட்டுவதில்லை.

என்னுடையது நான்கு சிலிண்டர். அதை எட்டாக ஆக்க எந்தக் குழாயாலும் முடியாது. 4,000 சுற்றுக்கு மேல் அந்த எஞ்சினிடம் ஒரு கரகரத்த, சற்றே உலோகம் கலந்த குரல் இருக்கிறது. சுரங்கப்பாதையில் நான் சிரித்தது அதைக் கேட்டுத்தான். அது மட்டும் வேண்டும். கிளப்பும்போதும், தெருவில் நகரும்போதும், நெடுஞ்சாலையில் நிலைத்துப் போகும்போதும் எதுவும் வேண்டாம். இதைச் சொன்னதும் மேஸ்திரி, "அப்படியானால் கதவு வை" என்றார். உயர்ந்த விலை ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் ஆலையிலேயே வைப்பது அதுதான் என்பது அவருக்குத் தெரியாது. பழைய சைலன்சரின் மூன்று அறைகளையும் அப்படியே வைத்து, அதன் வயிற்றின் நடுவே குறுக்கு வழியாக ஒரு நேர்க்குழாய். அதன் வாயில் வட்டத் தகட்டுக் கதவு. அதைத் திருப்ப ஒரு சின்ன மின் மோட்டார். மூடியிருந்தால் வாயு வீட்டைச் சுற்றிப் போக வேண்டும். திறந்தால் நேரே வெளியே.

மிச்சமிருந்தது நெடுஞ்சாலை ம்ம்ம்ம். 2,400 சுற்று என்றால் நொடிக்கு 80 துடிப்பு. இதற்கு ஒரு முனை அடைத்த பக்கக் குழாயை எக்ஸாஸ்டில் கிளையாக வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். குழாயின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருந்தால், உள்ளே போய் முட்டித் திரும்பும் அலை சரியாகத் தலைகீழாக வந்து, வரும் அலையை அணைத்துவிடும். வாயு அதன் வழியே ஓடாது. ஆகவே எஞ்சினுக்குச் சுமையும் இல்லை. டீச்சரிடம் போனேன். அவர் இப்போது இந்த விவகாரத்தில் என்னைவிட ஆர்வமாகியிருந்தார். சூடான வாயுவில் ஒலி வேகமாகப் போகும். 300 டிகிரியில் நொடிக்கு 480 மீட்டர். அதை 80-ஆல் வகுத்தால் ஆறு மீட்டர், அதில் கால் பங்கு ஒன்றரை மீட்டர். பால் அட்டையின் அடுத்த பக்கமும் தீர்ந்தது.

ஒன்றரை மீட்டர் குழாய் வேண்டும் என்று தாளை நீட்டினேன். மேஸ்திரி தாளைப் பார்க்கவில்லை.

"இந்தக் குழாயில் புகை ஓடுமா?"

"ஓடாது. முனை அடைத்தது."

"ஓடாத குழாய் எப்படித் தம்பி அவ்வளவு சூடாகும்?"

கொட்டகையில் சற்று நேரம் கிரைண்டர் சத்தம் மட்டும் கேட்டது. தேங்கி நிற்கும் வாயு குளிர்ந்திருக்கும். குளிர்ந்தால் ஒலி மெதுவாகப் போகும். குழாய் குட்டையாக இருக்க வேண்டும். எவ்வளவு குட்டை என்பதை அட்டையில் எழுத முடியாது. ஒன்றரை மீட்டரில் தொடங்கி, நைஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து நான்கு விரல் அறுத்து, முனையை மறுபடி அடைத்து, மறுபடி ஓட்டி — இரண்டு சனிக்கிழமைகள். ஒருமுறை ம்ம்ம்ம் 2,100-க்கு நகர்ந்தது, இன்னொரு முறை இரண்டாகப் பிரிந்தது. 1.27 மீட்டரில் அது போய்விட்டது. போய்விட்டது என்றால், ரேடியோவை நிறுத்தியது போல. அந்த ஒரு நொடிக்காக நான் ஐந்து லட்சமும் கொடுத்திருப்பேன் என்று இப்போது சொல்லலாம். மேஸ்திரி வாங்கியது மொத்தம் முப்பத்தெட்டாயிரம்.

கடைசி ஒட்டுகளை அவர் வைத்த விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்கான் வெல்டிங்கில் எல்லோரும் வெளிப்பக்கம்தான் வாயு விடுவார்கள். எவர்சில்வரில் உட்பக்கம் காற்றுப்பட்டால் ஒட்டு கருகி, பாகு முறுகிய சர்க்கரை போலப் பொருபொருவென்று ஆகிவிடும். வெளியே அழகாக இருக்கும், உள்ளே அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். மேஸ்திரி குழாயின் இரு முனையையும் டேப் ஒட்டி மூடி, உள்ளேயும் ஆர்கானை நிரப்பிய பிறகே பற்றவைத்தார். பால் தொட்டிக்கு அப்படித்தான் செய்ய வேண்டுமாம், இல்லாவிட்டால் பிசிறில் பால் தங்கிப் புளிக்கும். ஒட்டு வெளிறிய வைக்கோல் நிறத்தில் ஆறியது. எஞ்சின் அசைவதற்கு ஈடுகொடுக்கும் நெளிகுழாயையும் ரப்பர் தொங்கல்களையும் புதிதாக மாற்றச் சொன்னார். கன்வெர்ட்டரை மட்டும் நாங்கள் யாரும் தொடவில்லை. அதைப் பிடுங்கினால் இன்னும் சத்தம் கிடைக்கும் என்று ஜே.சி. ரோட்டில் ஆசை காட்டியிருந்தார்கள்; அதற்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் உடனே கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும், புகைச் சான்றிதழும் கிடைக்காது. அந்தச் சான்றிதழ் மையத்தில் குழாய்க்குள் கம்பியைச் செருகி கார்பன் மோனாக்சைடு பார்ப்பார்கள், ஹைட்ரோகார்பன் பார்ப்பார்கள். காதைக் கொடுத்துக் கேட்க மாட்டார்கள். என்னுடையது தேறியது. 52-ஆம் பிரிவின் முன்னால் என் நேர்க்குழாய் எப்படி நிற்கும் என்று கேட்டால், கதவை மூடிக்கொண்டுதான் நிற்கும் என்பேன். அதைத் திறப்பது ஊரைத் தாண்டிய பிறகு, வீடுகள் இல்லாத இடத்தில், மாதத்துக்கு இரண்டு மூன்று முறை. அதற்கு ரிமோட் வைத்துக்கொள்ளவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில், குனிந்து கைவிட்டால்தான் எட்டும் இடத்தில் சுவிட்ச். எனக்கு என்னைத் தெரியும்.

போன ஞாயிறு தேர்வு நடந்தது. காலை ஆறரை மணி, ஐந்தரையை விட்டுவிட்டேன். நான் டீச்சர் சமையலறையில், மனைவி காரில், நடுவில் போன். முதல் நாள் இரவே டம்ளர்களைத் துடைத்து, முன்பு இருந்த அதே இடைவெளியில் அடுக்கி வைத்திருந்தார் டீச்சர். சோதனை என்றால் நிபந்தனை மாறக் கூடாதாம்.

"கிளப்பட்டுமா?" என்றாள் மனைவி.

"கிளப்பு."

தெருவில் கார் எழுந்தது எனக்குக் கேட்டது, ஒரு பெரிய பூனை எழுந்து சோம்பல் முறிப்பது போல. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுக்கின் முன் குனிந்தார். ஏழு டம்ளர்களும் வாய் திறக்கவில்லை. ஆனால் மேல் தட்டில் ஒரு சம்படத்தின் மூடி மட்டும் விடாமல் கிணுகிணுத்தது. எனக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஒன்று ஆடுகிறது" என்றேன்.

"அதுவா? அதை விடு. அது பெங்களூரு ஈஸ்ட் ஸ்டேஷனில் ரயில் போனாலும் ஆடும், மிக்ஸி போட்டாலும் ஆடும்."

ஸ்டூல் போட்டு ஏறி மூடியை எடுத்துப் பார்த்தேன். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, சரியாக உட்காரவில்லை. மேஸ்திரியிடம் கொடுத்தால் ஒரே தட்டில் நிமிர்த்திவிடுவார். கதவு மோட்டாருக்கு மழைத்தடுப்பு மாட்டச் சனிக்கிழமை எப்படியும் போக வேண்டியிருக்கிறது. மூடி இப்போது காரின் பக்கத்து இருக்கையில் இருக்கிறது.